உரிமம் புதுப்பிக்கப்பட்டது

கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரோவீனா ஸ்டால்நேக்கர் சொன்னபோது, துணை ஆணையர் லைல் டீட்டர் தன் சாண்ட்விச்சைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கை நிற்கவில்லை. காகிதத்தின் மூலைகளை இழுத்து மேசைமேல் தட்டுபோல விரித்தார். ஒரு பாதியை எடுத்தார், கடிக்காமலே திரும்ப வைத்தார். மாநிலக் காப்பீட்டுத் துறையின் மூன்றாவது மாடி அது. ஜன்னலுக்கு வெளியே சட்டமன்றக் கட்டிடத்தின் குவிமாடம் மழையில் கரைந்துபோய்க் கிடந்தது.

“நீ போடலன்னா நான் போட்டுடுவேன், ரோவீனா. அறிக்கைக்கு ஒரு கையெழுத்து போதும்.”

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“உன் பேரு அதுல இருக்கணும்னு நெனச்சேன். உன் உழைப்பு.”

“காலை வெட்டிட்டு, செருப்பு அழகா இருக்குங்கறீங்க.”

லைல் சிரிக்கவில்லை. அவர் கொடியவர் இல்லை, அதுதான் ரோவீனாவுக்குக் கூடுதல் எரிச்சல். கொடியவராக இருந்தால் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வெளியே போகலாம். இந்தச் சட்டம் வந்தபோது ஒவ்வொரு கமிட்டியிலும் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை பேசியவர் அவர்தான். அது நிறைவேறிய அன்று அலுவலகத்தில் கேக் வெட்டி, முதல் துண்டை அவளிடம் நீட்டியவரும் அவரே.

அதுவரை இந்த மாநிலத்தில் முடி வெட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும், பிணத்துக்குப் பவுடர் பூசுகிறவருக்கு உரிமம் வேண்டும், ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடிக்க உரிமம் வேண்டும். டெல்வாரிஸ் போன்ற கம்பெனிகளுக்கு மட்டும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. காப்பீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் கணக்குப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். வந்த இடத்தில் மெல்ல மெல்லக் காலை நீட்டிக்கொண்டார்கள். எந்த மாத்திரைக்கு அனுமதி, எந்தக் கடையில் வாங்கலாம், கடைக்காரருக்கு என்ன கொடுப்பது எல்லாம் அவர்கள் சொல்வதுதான். பிறகு தாங்களே தபாலில் மருந்து அனுப்பும் கடை ஒன்றையும் திறந்தார்கள். தராசு பிடிக்கிறவனே எதிர்க்கடையும் வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. தங்கள் தபால் கடைக்கு ஒரு விலை. மலையோரத்துச் சின்னக் கடைகளுக்கு வாங்கிய விலைகூடத் தேறாத ஒரு விலை. மலையின் மேலும் கீழும் இருந்த ஊர்களில் கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. இனி இந்தக் கம்பெனிகள் மாநிலத்தின் உரிமம் பெற வேண்டும். தங்கள் கடைக்கு ஒரு விலை மற்றவர்களுக்கு ஒரு விலை என்று கொடுக்கக் கூடாது. புகார் செய்த கடையைப் பழிவாங்கக் கூடாது. மீறினால் உரிமம் போகும்.

ரோவீனா அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பினாள். நம்புவதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காரின் டிக்கியில் தாள்களை வைத்துக்கொண்டு கிழவிகளிடம் ஈமச்சடங்குக் காப்பீடு விற்றுத் திரிந்த ஒருவனின் உரிமத்தை ஒரே மதியத்தில் பறித்திருக்கிறாள். அவன் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். மனைவிக்குத் தெரியாது என்றான். அவள் இரங்கவில்லை. சட்டம் என்றால் அப்படித்தான் என்று அப்போது அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

டெல்வாரிஸின் உரிமம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது சோதனைப் பொறுப்பு அவளிடம் வந்தது. அறிக்கையில் அவள் கண்ட குற்றங்கள் நான்கு. முதல் மூன்றும் விலை, தாமதம், மறைத்த கணக்கு. நான்காவது பழிவாங்கல். அதை வைத்துத்தான் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். இப்போது லைல் திருப்பித் தந்த பிரதியில் நான்காவது இல்லை. அழித்த தடம்கூட இல்லை. மூன்றாவது முடிந்ததும் நேரே பரிந்துரை வந்துவிட்டது: அபராதம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாத சமரசம், நிபந்தனைகளுடன் புதுப்பிப்பு.

“பழிவாங்கினான்னு நிரூபிக்க முடியாது,” என்றார் லைல். “ஒரு கடையத் தணிக்கை பண்ண அவனுக்கு உரிமை இருக்கு. ஒப்பந்தத்த முடிச்சுக்க உரிமை இருக்கு. நேரம்தான் இடிக்குது. நேரம் இடிக்குதுன்னு நீதிபதி முன்னாடி நிக்க முடியுமா?”

“புகார் குடுத்தது ஒரே ஒருத்தர். தணிக்கைக்கு மாட்டினதும் அந்த ஒருத்தர். மாநிலத்துலயே வேற யாரும் இல்ல. இது நேரமா?”

“சரி. உன் பேச்சையே வச்சுக்குவோம். உரிமத்த நிறுத்தறோம். மறுநாள் காலையில மாநிலத்துல பாதி பேரோட மருந்து வாங்கற கார்டு செல்லாது. வாத்தியாருங்க, சுரங்கத்துல வேல பாக்கறவங்க, இந்த கட்டிடத்துல இருக்கறவங்க, நீயும் நானும். குடிச்சிட்டு ஓட்டினவன்கிட்டேர்ந்து சாவிய வாங்கலாம். ரோடே அவனோடதுன்னா என்ன பண்ணுவ?”

“இது முன்னாடியே தெரியாதா? சட்டம் எழுதும்போது தெரியாதா?”

லைல் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மனுஷனுக்கு நான் வாக்கு குடுத்தேன், லைல்.”

“வாக்கு குடுக்கச் சொல்லி நான் சொல்லலயே,” என்றார் அவர் மிக மெதுவாக. சொல்லி முடித்ததும் அவர் காது சிவந்தது. பேனாவை எடுத்து, அவள் பெயர் அச்சடித்த இடத்தை ஒரு கோட்டால் அடித்து, கீழே தன் பெயரை எழுதினார்.

மின்தூக்கியில் டெல்வாரிஸின் வழக்கறிஞர் ஏறினார். சாம்பல் நிறக் கோட்டில் ஒரு துளி மழை இல்லை. சோதனை நடந்த காலம் முழுக்க அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டவர், கேட்ட காகிதத்தைக் கேட்ட நாளில் அனுப்பியவர்.

“உங்க வேல ரொம்ப நேர்த்தி, மிஸ் ஸ்டால்நேக்கர். எங்க பக்கம் இந்த மாதிரி ஆளு கிடைக்கறது கஷ்டம்.” முகவரி அட்டை ஒன்றை நீட்டினார்.

“ஏன் கஷ்டம்? உங்க பக்கத்துல பாதி பேரு எங்க பக்கத்துலேர்ந்து வந்தவங்கதானே,” என்றாள் ரோவீனா. அட்டையை வாங்கவில்லை. வழக்கறிஞர் புன்னகை மாறாமல் அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். கீழ்த்தளம் வரும்வரை இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவமானப்படுத்தியும் அவமானப்படாதவர்களை என்னதான் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விஷயத்தைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் எப்படியும் போகும். ஆனால் மறுநாள் காலை ரோவீனா விடுப்பு சொல்லிவிட்டு, தன் சொந்தக் காரில் மலையேறினாள். கோல்டர்ஸ் ஃபோர்க் ஆற்றோரமாக ஒற்றைத் தெருவும் ஒற்றை ரயில்பாதையுமாக நீண்டு கிடக்கும் ஊர். வழியெல்லாம் நிலக்கரி லாரிகள் சேற்றை வாரி முன்கண்ணாடியில் அடித்தன. துடைக்கத் துடைக்கக் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அவள் வானொலியைப் போடவில்லை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமும் லைல் பேசுவதுபோலவே வந்தது. நடுவழியில் நிறுத்திக் காபியும், உள்ளே இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட ஒரு பெப்பரோனி ரொட்டியும் வாங்கினாள். ரொட்டி அப்படியே பக்கத்து இருக்கையில் ஆறிப்போனது.

முந்தைய வசந்தத்தில், டெல்வாரிஸ் மேல் பெயர் போட்டுப் புகார் கொடுக்க ஒரு கடைக்காரரைத் தேடி, இதே சாலையில் பாடிக்கொண்டு வந்திருந்தாள். காட்டுப் பூண்டு முளைக்கும் மாதம். ஊரே அதன் வாடையில் மிதந்தது. மருந்துக்கடைக்காரர் டெனிஸ் மிஹாலிக் அப்போது கவுண்டருக்குப் பின்னாலிருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். அறுபதைத் தொடும் வயது, சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஸ்லோவாக்கியக் குடும்பத்தின் பேரன், பெரிய கைகள். அந்தக் கைகள் மாத்திரைகளை மட்டும் கோழிக்குஞ்சைத் தொடுவதுபோலத் தொடும். சுற்றியிருந்த ஊர்களின் கடைக்காரர்கள் எல்லோரும் அவளிடம் கதவுக்கு வெளியே நின்றபடி அழுதார்கள், ஆனால் யாரும் பெயர் கொடுக்கவில்லை. டெனிஸ் அழவில்லை.

“நான் கை தூக்கினா கைய வெட்டுவானுங்க, மேடம்.”

“வெட்டக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. நானே காட்டறேன், பாருங்க.”

“எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். அவனுங்க படிச்சானுங்களா?”

அவர் மனைவி கார்லீன் கல்லாவில் இருந்தாள். முன்னொரு காலத்தில் பக்கத்துக் கட்டிடத்தில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். “ஏம்மா, என் உரிமத்த கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டலன்னு உங்க ஆளு வந்து அபராதம் போட்டான். மாட்டலன்னு! உரிமம் இருக்கு, டிராயர்ல இருக்கு. இவனுங்களுக்கும் அதே மாதிரி போடுவீங்களா?” என்று கேட்டாள். கேலிதான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“போடுவோம்,” என்றாள் ரோவீனா. “நான் இருக்கேன்.”

எதற்கு அப்படிச் சொன்னாள்? அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் ‘சட்டம் இருக்கிறது’ என்பார்கள், ‘துறை இருக்கிறது’ என்பார்கள். ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்வதில்லை. அந்தக் கடையின் மர அலமாரிகளைப் பார்த்தோ, பூண்டு வாடையாலோ, கார்லீன் கையில் வைத்துவிட்ட எலுமிச்சைக் கேக்காலோ வாயிலிருந்து வந்துவிட்டது. டெனிஸ் பின்னறைக்குப் போய், கொள்முதல் ரசீதுகள் நிறைந்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார்.

இலையுதிர் காலத்தில் டெல்வாரிஸிலிருந்து தணிக்கைக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். கார்லீன் அவர்களுக்கும் கேக் கொடுத்தாள். மலையில் பனி கொட்டிய நாட்களில் டாக்டரின் ஒப்புதல் வரும் முன்பே டெனிஸ் கொடுத்த மருந்துகளை அவர்கள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். ஒரு சீட்டில் தேதி தவறாக இருந்தது. இன்னொன்றில் டாக்டரின் முதலெழுத்து விடுபட்டிருந்தது. மருந்து சரி, ஆள் சரி, அளவு சரி. எழுத்து மட்டும் சரியில்லை. அதற்காக அந்த மருந்துகளின் முழு விலையும் திரும்பப் பிடிக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு, எந்தக் காரணமும் சொல்லாமல், வசந்தம் வந்ததும் ஒப்பந்தம் முடிகிறது என்று செய்தி வந்தது. காரணம் சொல்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. கோல்டர்ஸ் ஃபோர்க்கில் பள்ளிக்கூடத்தின் கார்டும் சுரங்கத்தின் கார்டும் அந்த ஒரே கம்பெனியுடையவை. மீதி என்ன இருக்கிறது? தபால் ஆபீஸ் இருக்கிறது.

கடையின் வாசலில் காரை நிறுத்தியபோது கண்ணாடிக் கதவில் கையால் எழுதிய அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. ‘இன்று முதல் டெல்வாரிஸ் கார்டை இங்கே ஏற்க முடியாது. எங்கள் முடிவு இல்லை. மன்னியுங்கள்.’ ‘எங்கள் முடிவு இல்லை’ என்பதற்கு அடியில் பேனா அட்டையைக் கிழிக்கும் அளவுக்குக் கோடு போட்டிருந்தது.

உள்ளே வரிசை. ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரத்தின் நாற்காலியில், பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்து ஓய்வுபெற்ற ட்ரீவா மூச்சிரைத்து உட்கார்ந்திருந்தாள். ரோவீனாவுக்கு அவளைத் தெரியும். முதல்முறை வந்தபோது ஊரின் கதையெல்லாம் சொன்னவள். மற்றவர்கள் அட்டையைப் படித்துவிட்டும் நம்பாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கல்லாவிலிருந்து கார்லீன் தலை நிமிர்த்தினாள்.

“வாம்மா மகராசி,” என்றாள். “டெனிஸ், நம்ம அரசாங்கம் வந்திருக்கு.”

டெனிஸ் மாத்திரை எண்ணும் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், “நல்ல சேதின்னா ஃபோன்லயே சொல்லியிருப்பாங்க,” என்றார்.

ஒத்திகை பார்த்த எதுவும் ரோவீனாவுக்கு நினைவுக்கு வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னாள். உரிமம் புதுப்பித்தாகிவிட்டது. அபராதம் உண்டு. பழிவாங்கிய குற்றம் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தான் கையெழுத்துப் போடவில்லை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று வாய் மூடும்போதே தெரிந்தது.

“அபராதம் யாருக்குப் போகும்?” என்று கேட்டார் டெனிஸ்.

“மாநிலக் கருவூலத்துக்கு.”

“ஓ. அப்ப என்னை அடிச்சதுக்கு உங்களுக்கு சம்பளம்.” தட்டிலிருந்த மாத்திரைகளைக் குப்பிக்குள் சரித்தார். மூடியைத் திருகினார். எல்லாம் நிதானமாக. “அறிக்கையில என் பேரு இருக்கா?”

“இல்ல.”

“‘ஒரு கடைக்காரர்’னாவது?”

“இல்ல, டெனிஸ்.”

அவர் தலையாட்டினார். அப்புறம் அந்தப் பெரிய கை கவுண்டரில் ஓங்கி இறங்கியது. வாழ்த்து அட்டைகள் செருகிய சுழல்தாங்கி ஆடிக் கிறீச்சிட்டது. வரிசையில் யாரோ பின்வாங்கினார்கள். “வேணாம்னு சொன்னேன். இங்கயே, இதே எடத்துல நின்னு சொன்னேன். வெட்டுவானுங்கன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன? என்ன சொன்ன, கார்லீன் கேட்டுட்டுதானே இருந்தா? நான் இருக்கேன்னு சொன்ன! எங்க இருந்த? பசங்க ரெண்டு பேரு வந்து என் முப்பது வருஷத்த நோண்டிட்டு உக்காந்திருந்தானுங்களே, அப்ப எங்க இருந்த?”

“எழுதினேன். அன்னிக்கே எழுதி—”

“எழுதின! சர்ச்சுல பாதிரியாரும்தான் பேசறாரு!”

ரோவீனாவிடம் தற்காப்புக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் உண்மைதான். அவற்றில் ஒன்றையாவது இந்த மனிதனின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது கோபம்தான், ஆனால் அது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. லைல் மேல், சாம்பல் கோட்டின் மேல், தன் மேல், இப்படி முகத்துக்கு நேரே கத்தும் இந்த நல்ல மனிதன் மேலும்கூட.

“அந்தப் பொண்ண விடுங்க,” என்று கார்லீன் சொன்னாள். குரலில் இரக்கமில்லை, களைப்புதான் இருந்தது. “கத்தினா கேக்கறதுக்கு இவ ஒருத்திதான் மலையேறி வர்றா. அதனால இவகிட்டயே கத்தறோம். அவனுங்க எங்க இருக்கானுங்கன்னு நமக்குத் தெரியுமா? எந்த ஊருன்னு தெரியுமா?” பிறகு ரோவீனா பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு கேட்டுக்கோ, கண்ணு. என் கடையில கத்தரிக்கோல ஒழுங்கா கழுவலன்னா அன்னிக்கே பூட்டு போட்டிருப்பீங்க. என்னால ஒருத்தருக்கும் சாவு வந்திருக்காது. மோசமா முடி வெட்டினா வளந்துடும்.”

அதற்குள் ட்ரீவா நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தாள். ரத்தம் உறையாமல் இருக்க அவள் தினமும் தின்னும் மாத்திரை முந்தின நாளோடு தீர்ந்துவிட்டது. தபால் பொட்டலம் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ஒருமுறை அப்படி விட்டதற்குத்தான் அவள் இடது கை இன்னும் சரியாக மடங்குவதில்லை.

“சண்ட முடிஞ்சுதா, டெனிஸ்? எனக்கு நிக்க முடியல.”

டெனிஸ் கணினியில் அவள் கார்டைத் தட்டினார். திரையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். சிவப்பு. “இந்தக் கடைக்கு இல்லன்னு சொல்லுது, ட்ரீவா. காசு குடுத்து வாங்கற விலையும் இல்ல இது. அவசரம்னு சொல்லி அவனுங்களக் கூப்பிட்டா, ஒரு தடவைக்கு மட்டும் விடுவானுங்க. கேட்டா.”

“அப்ப கேளு.”

“நான் கேட்டா குடுக்க மாட்டானுங்க. நான் யாரு அவனுங்களுக்கு?” அவர் தொலைபேசியை அதன் நீண்ட சுருள் கம்பியோடு தூக்கிக் கவுண்டரின் மேல், ரோவீனாவின் முன்னால் வைத்தார். “நீ கேளு. நீதானே லைசென்ஸ் குடுத்த.”

ரோவீனா எண்களை அழுத்தினாள். இயந்திரக் குரல் ஒன்று நலம் விசாரித்தது. தங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்டது, உறுப்பினர் என்றால் ஒன்று, மருந்துக்கடை என்றால் இரண்டு என்றது. அரசாங்கம் என்றால் எது என்று சொல்லவில்லை. இரண்டை அழுத்தினாள். கடையின் எண் கேட்டது. கார்லீன் சொல்லச் சொல்ல அழுத்தினாள். இந்த எண் செல்லாது என்றது. மறுபடி முதலிலிருந்து வந்து, எதையும் அழுத்தாமல் பிடிவாதமாக நின்றாள். கடைசியில் ஒரு பெண் பேசினாள், இளங்குரல், பின்னால் நூறு பேர் பேசும் இரைச்சல்.

“கூப்பிட்டதுக்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“நான் மாநிலக் காப்பீட்டுத் துறையிலேர்ந்து பேசறேன். உங்க கம்பெனிய சோதனை பண்ண அதிகாரி. இங்க ஒரு அம்மாவுக்கு ரத்தம் உறையாம இருக்கற மருந்து இப்பவே வேணும். அவசர அனுமதி குடுங்க.”

“கண்டிப்பா, மேடம். உங்க உறுப்பினர் எண்?”

“நான் உறுப்பினர் இல்ல. அதாவது, உறுப்பினர்தான், ஆனா இது எனக்கில்ல. நான் உங்க லைசென்ஸ—”

“புரியுது, மேடம். சரிபார்க்கறதுக்கு உங்க பிறந்த தேதி சொல்றீங்களா?”

வரிசையில் ஒரு சுரங்கத் தொழிலாளி வாய்விட்டுச் சிரித்தார். ரோவீனா அந்தப் பெண்ணின் மேல் கத்த வாயெடுத்தாள். ஏதோ ஓர் ஊரில் தலையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளை. இந்தப் பிள்ளைக்கும் இதே கம்பெனியின் கார்டுதான் இருக்கும். கத்தவில்லை. ட்ரீவாவின் எண்ணைச் சொன்னாள், ட்ரீவாவின் பிறந்த தேதியைச் சொன்னாள், மருந்தின் பெயரைச் சொன்னாள்.

“அந்தக் கடை எங்க பட்டியல்ல இல்லயே, மேடம்.”

“அது தெரியும். ஏன் இல்லன்னும் எனக்குத் தெரியும். உங்க மேலாளரக் குடுங்க.”

“கொஞ்சம் லைன்ல இருங்க, மேடம்.”

பியானோ இசை தொடங்கியது. ரோவீனா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள், எல்லோரும் கேட்கட்டும் என்று. இசை அலமாரிகளின் மேல், ஈஸ்டருக்கு வந்திறங்கிய மிட்டாய்க் கூடைகளின் மேல், ஈரக் கோட்டுகளின் மேல் பரவியது. அவ்வப்போது அதை நிறுத்திவிட்டு ஓர் ஆண் குரல், தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. தாங்கள் இப்போது தபாலிலேயே மருந்து பெறலாம், தெரியுமா என்று கேட்டது.

யாரும் போகவில்லை. கதவைத் திறந்து வந்தவர்களும் என்ன நடக்கிறது என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு நின்றுகொண்டார்கள். சிரித்த சுரங்கத் தொழிலாளி ஒரு நாற்காலியை இழுத்து ரோவீனாவின் பக்கத்தில் போட்டார். “உக்காருங்க, மேடம். இது லேசுல வராது. நான் ஒரு தடவ மதியச் சாப்பாடு முழுக்க கேட்டிருக்கேன்.”

அவள் உட்காரவில்லை. கவுண்டரின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, தொலைபேசியைப் பார்த்தபடி நின்றாள். எதிரே டெனிஸ் ட்ரீவாவுக்காக எடுத்து வைத்த மருந்துக் குப்பியைத் திறந்து, அன்றைக்குத் தேவையான மாத்திரையைத் தட்டில் உருட்டிவிட்டிருந்தார். அனுமதி இல்லாமல் கொடுத்தால் அதன் விலை வராது, இன்னொரு குற்றமும் சேரும் என்று அவருக்குத் தெரியும், ரோவீனாவுக்கும் தெரியும். இனி அவர்கள் பறிப்பதற்கு என்ன மிச்சம் என்பதும் இருவருக்கும் தெரியும். ட்ரீவா மடங்காத கையைக் கவுண்டரின் மேல் விரித்து நீட்டினாள். டெனிஸ் ரோவீனாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கொடுக்கட்டுமா என்று கேட்பதுபோலத்தான் பார்த்தார்.

இசை முடிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒரு கிளிக் சத்தம். பிறகு பியானோ மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.